திருப்பித் தர வேண்டிய திகதி

தலைப்பு மூன்று மொழியில்,
கடிதம் ஒரு மொழியில்.
பால் லொறி ருவன்தான் வாசித்துச் சொன்னான்:
"மூணு லைப்ரரியும் ஒண்ணாகுதாம் மிஸ்.
டவுனில, மரக்கறிச் சந்தைக்கு மேல்மாடி.
டைல்ஸ் எல்லாம் போட்டிருக்காம்."

டைல்ஸ் நல்லதுதான்.
இங்கே வெடித்த சிமெந்து.
பிள்ளை மடுவமாக இருந்த நாளில்
தொட்டில் கட்டிய இரும்பு வளையங்கள்
இன்னும் கூரையில் தொங்குகின்றன.
ஒன்றில் தினசரியைக் கொழுவி வைப்பேன்.
மழைக்கு, வரலாற்று அலுமாரிக்குப் பக்கத்தில்
ஒரு வாளி.
பொய் சொல்லமாட்டேன், ஒழுகுகிறது.

செயலாளரும் பொய் சொல்லவில்லை.
நாளுக்கு நாலு பேர் என்பதை
என் பதிவேட்டிலிருந்துதான் எடுத்தார்.
கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர்.
சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூசி
ஜன்னலுக்கு வெளியே நின்றபடி
"வர்த்தமானியில என் மகனுக்கு ஏதும் வேலை போட்டிருக்கா?"
என்று கேட்டுவிட்டு
கொழுந்துப் பையை மறுபடி தலையில் மாட்டும் தவமலர்
எந்தக் கட்டத்தில் வருவாள்?

அவர் கணக்கில் பேர் என்றால் ஆள்.
எங்கள் கணக்கில் பேர் என்றால்
ஒரு நாள் சம்பளம்.
டவுனுக்குப் பதினோரு கிலோமீற்றர்,
காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ்.
புத்தகம் எடுக்க ஒரு பேர் போகும்.
திருப்பிக் கொடுக்க இன்னொரு பேர்.

கணக்கெடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.
மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு,
வெளியே இருநூற்றுப் பதினொன்று.
வெளியில் உள்ளதை முப்பதாம் திகதிக்குள்
மீட்கச் சொன்னார்கள்.
பிரட்டில் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தவன் கஜிதரன்.
உயர்தர உயிரியல், எட்டு மாதத் தாமதம்,
பால்மாப் பெட்டியை வெட்டி அட்டை போட்டிருந்தான்.
தண்டம் என்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினான்.
பின்பக்கத் தாளில்
ஒரே ஒரு கட்டம் மிச்சம்.
முத்திரையின் சக்கரத்தை நகத்தால் நெம்பினேன்.
மாதம் நகர்ந்தது.
ஆண்டு இறுகிக் கிடந்தது.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்,
சக்கரத்தில் இருந்த கடைசி ஆண்டு மட்டும்
உருட்டிக் குத்தினேன்.

அவன் திகதியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
நூறு ரூபாயை மறந்துவிட்டு ஓடினான்.

மறுநாள் வாசலில் வரிசை.
ஆளுக்கு இரண்டு என்பது சபையின் சட்டம்,
அதை மீறவில்லை.
அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை எழுதினேன்.
முகவரி என்ற இடத்தில்
பத்தாம் லயம் என்று எழுதி,
கதவிலக்கத்துக்குக் கோடு போட்டேன்.
கோடு, கோடு, கோடு.
தபால்காரரும் எங்களை அப்படித்தான் தேடுகிறார்.

தவமலர் அன்று உள்ளேயே வந்தாள்.
"ஆகத் தடிச்சது எது மிஸ்?"
வாசிக்கத் தெரியாதே உனக்கு என்று
கேட்க வாய் வந்தது.
அவளே சொன்னாள்:
"எங்க காம்பராவில
நனையாத மூலை ஒண்ணு இருக்கு."

முப்பதாம் திகதி லொறி வந்தது.
ஏறியது முந்நூற்று நாலு புத்தகம்,
அலுமாரிகள், மேசை, ஐந்து கதிரை.
மீதி எங்கே என்றார் அதிகாரி.
ருவனிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்த
ஒரே சிங்கள வசனத்தைச் சொன்னேன்:
வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அவர் பட்டியலைப் புரட்டினார்.
திகதியெல்லாம் ஒழுங்காக இருந்தது.
ஒரு கணம் சிரித்தார் போலவும் இருந்தது,
எனக்குத் தெரியாது.

வாளிக்கும் சபை இலக்கம் போட்டிருந்ததால்
வாளியையும் ஏற்றினார்கள்.

அன்றிரவு நல்ல மழை.
நாளை எனக்கு வேலை இல்லை.
முத்திரை என் சட்டைப் பையில்,
எண்ணெய் கசிந்து
துணியில் ஒரு வட்டம்.